தொட்டிக்குக் காற்று விட்ட கதை

அந்த நிறுவனத்தில் பயம் பதவிவாரியாகப் பங்கிடப்பட்டிருந்தது. வாசல் காவலாளிக்குக் கார்கள் உள்ளே நுழையும் நேரத்தில் மட்டும் பயம். தட்டச்சருக்கு மதியச் சாப்பாடு வரைக்கும். விஞ்ஞானிகளுக்கு அலுவலக நேரம் முழுவதும். இயக்குநருக்கோ, பாவம், தூக்கத்திலும் ஓய்வில்லை; புரண்டு படுத்துக்கொண்டு "சரிங்க சார், அப்படியே செஞ்சிடலாம் சார்" என்று முனகுவதாக அவர் மனைவியே சொல்லிக் கேள்வி. தற்காலிக ஊழியர்களுக்கு மட்டும் தனி விதி: சம்பளம் பாதி, பயம் இரட்டிப்பு. நம்முடைய தொட்டியம்மா தற்காலிக ஊழியர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. முனைவர் பட்டம் வாங்கிய பெண். ஆனாலும் நிறுவனத்தின் பின்கட்டில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் எஃகுத் தொட்டியைக் காலை முதல் மாலை வரை சுற்றிச் சுற்றி வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தொட்டிக்குள் இருந்தது ஒரு பாக்டீரியா. நாலு வருஷமாக அவள் பாடுபட்டுத் தேற்றிய பாக்டீரியா.

நிறுவனத்தின் வேலை என்னவென்றால், அறுவடை முடிந்து மிஞ்சுகிற தட்டை, வைக்கோல், மரத்தூள் இவற்றிலிருந்து வண்டி ஓட்டுவதற்கு எரிபொருள் எடுப்பது. தட்டையை அரைத்து, வேகவைத்து, அதிலுள்ள சர்க்கரையைப் பிரித்துவிடலாம். அதைப் பாக்டீரியாவுக்குக் கொடுத்தால் அது தின்றுவிட்டு ஆல்கஹாலைக் கக்கும். அந்த ஆல்கஹால்தான் எரிபொருள். ஆனால் இயற்கையில் கிடைக்கும் பாக்டீரியா ஒரு ஊதாரி. கொஞ்சம் காடி, கொஞ்சம் வாயு, இன்னும் ஏதேதோ என்று கையிலிருக்கும் சர்க்கரையைக் கண்டபடி செலவழித்துவிடும். நாலு சாலைகளில் மூன்றை மறித்தால் வண்டிகள் நாலாவது சாலையில்தானே போயாக வேண்டும்? தொட்டியம்மா அதன் மரபணுக்களில் அந்த வேலையைத்தான் செய்திருந்தாள். ஒவ்வொன்றாக மறித்து மறித்து, கடைசியில் தின்ற சர்க்கரை அத்தனையும் ஆல்கஹாலாகவே வெளியே வரும்படி செய்துவிட்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை. தொட்டிக்குள் காற்று புகக்கூடாது. காற்றில்லாத இக்கட்டில்தான் அந்த உயிர் வேறு வழியில்லாமல் ஆல்கஹால் செய்கிறது. காற்று கிடைத்துவிட்டால் சர்க்கரையைத் தானே எரித்துத் தின்று கொழுக்கும், இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும், ஆல்கஹால் என்ற பேச்சையே எடுக்காது. பாடப்புத்தகத்தில் உள்ள சங்கதி. அந்தக் கட்டடத்தில் இதை அறியாதவர் யாரும் கிடையாது. கதைக்கு இது முக்கியம்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு விருந்தினர் வந்தார். நிறுவனத்துக்கு நிதி ஒதுக்குகிற இடம். அவர் தும்மினால் இயக்குநருக்கு ஜலதோஷம் பிடிக்கும். சாப்பாடு முடிந்து, பல்குத்தியும் கையுமாகப் பின்கட்டுக்கு வந்து, தொட்டியின் சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"இதுக்குள்ள உயிர் இருக்குங்கறீங்க?"

"கோடிக்கணக்குல இருக்குங்க சார்" என்றார் இயக்குநர்.

"எல்லாப் பக்கமும் மூடியிருக்கே. உள்ள புழுக்கமா இருக்காது?"

அவர் பேச்சுக்குத்தான் கேட்டார். வயிறு நிறைந்த மனிதர் சும்மா நிற்க முடியாமல் கேட்ட கேள்வி. அடுத்த நிமிஷம் கார் வந்துவிட்டதா என்று விசாரித்தார். ஆனால் இயக்குநரின் முகம் வெளுத்துவிட்டது. அங்கேயே, அந்தத் தொட்டிக்கு முன்னாலேயே, கைகட்டி நின்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"ஐயா கேட்ட கேள்வியை இத்தனை வருஷத்துல நாங்க யாரும் கேட்டதே இல்லைங்க. எங்களுக்குத் தோணலை. பெரியவங்களுக்குத் தோண வேண்டியது எங்களுக்குத் தோணிடக்கூடாதுன்னுதான் நாங்க இவ்வளவு கட்டுப்பாடா இருக்கோம். மூச்சு விடாத உயிர் உண்டா? இன்னிக்கே ஏற்பாடு பண்ணிடறோம்."

தொட்டியம்மா ஓர் அடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் நின்ற நிர்வாக அதிகாரி திரும்பி அவளைப் பார்த்தார். திறந்த வாயை அவள் கொட்டாவியாக மாற்றி மூடிக்கொண்டாள்.

நிர்வாக அதிகாரி எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். சாயங்காலத்துக்குள் ஒரு பம்பு வந்து இறங்கியது. மறுநாள் அது போதாதென்று அதைவிடப் பெரிய பம்பு. அதற்கடுத்த வாரம் காற்றோட்டக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். குழுவுக்கு ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர், உறுப்பினர்கள். பம்பு நிற்காமல் ஓடுகிறதா என்று பார்க்க, ஓர் உறுப்பினர் எப்போதும் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பம்பு ஓடுகிற வரைக்கும் தனக்கு வேலை உண்டு என்பதால் அதைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார்.

தொட்டி நுரைத்தது. உள்ளே இருந்தது கெட்டி மோர் போல ஆகிவிட்டது. ஆல்கஹால் நாளுக்கு நாள் குறைந்து, ஒருநாள் அடியோடு நின்றது.

பக்கத்து அறையில் மூத்த விஞ்ஞானி ஒருவர் இருந்தார். எங்கே போனாலும் சுவரை ஒட்டியே நடப்பார். நடுவில் நடந்தால் யார் கண்ணிலாவது பட்டு ஏதாவது பொறுப்பு வந்துவிடும் என்று பயம். அதனால் அவருக்குச் சுவரோரம் என்று பெயர். அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னாள் தொட்டியம்மா.

"சார், காத்து விட்டா இது ஆல்கஹால் செய்யாது. முதல் வருஷப் பசங்களுக்கே தெரியும்."

"தெரியும்மா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். காற்றோட்டக் குழுத் தலைவர் யாருன்னு நெனச்சே? இதே விஷயத்துலதான் அவர் டாக்டர் பட்டமே வாங்கினார்."

"தெரிஞ்சுமா சார் சும்மா இருக்கீங்க?"

சுவரோரம் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தார். "தெரியாதவன் வாயைத் திறந்தா அறியாமைன்னு விட்டுடுவாங்க. தெரிஞ்சவன் வாயைத் திறந்தா விருந்தினர் சொன்னது தப்புன்னு ஆகும். விருந்தினர் தப்புன்னா, அவரைக் கூட்டிட்டு வந்த இயக்குநர் தப்பு. இயக்குநர் தப்புன்னா, அவரை நியமிச்சவங்க தப்பு. அப்புறம் அது எங்க போய் நிக்கும்னு நெனைக்கவே எனக்குக் கை நடுங்குது. பாரு." உண்மையிலேயே கை நடுங்கியது. பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கேள்விகூட அங்கே எழவில்லை. பூனை என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கத் தயாராக இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன்.

"பம்பு பிளக்கைப் பிடுங்கிப் போட்டுட்டு, கரண்ட் கோளாறுன்னு சொல்லிடேன்" என்றான்.

"பக்கத்துலயே ஆள் உட்கார்ந்திருக்காங்க."

"எங்க தொழில்ல லிஃப்ட் நின்னுபோச்சுன்னா கதவைத் திறந்து ஆளை வெளிய எடுப்போம். உங்க இடத்துல என்னடான்னா உள்ள இருக்கறவனுக்கு ஃபேன் போட்டு விடறீங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைவிட, நாலு வருஷமாகக் கண்ணும் கருத்துமாக வளர்த்தது கண்ணெதிரே வீணாவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆல்கஹால் நின்றுபோன செய்தி ஒரு விழாவில்தான் முறைப்படி அறிவிக்கப்பட்டது. காற்றோட்டக் குழுவை உள்காற்றுக் குழு, வெளிக்காற்றுக் குழு என்று இரண்டாகப் பிரிக்கும் விழா. புதிய தலைவர்கள், புதிய துணைத்தலைவர்கள், புதிய நாற்காலிகள். ஒலிபெருக்கி முன் நின்ற இயக்குநரின் குரல் கோபத்தில் அதிர்ந்தது.

"தோழர்களே! இந்தப் பாக்டீரியாவுக்கு நாம என்ன குறை வெச்சோம்? சர்க்கரை கொடுத்தோம். காத்து கொடுத்தோம். எஃகுல மாளிகை கட்டிக் கொடுத்தோம். அது என்ன செய்யுது? திங்குது. பெருகுது. ரெண்டாப் பிரியுது. பிரிஞ்ச ரெண்டும் மறுபடியும் திங்குது. வெளிய ஒரு சொட்டு வர்றதில்லை! மக்கள் வயித்துல அடிச்சுக் கொண்டுவந்த சர்க்கரையைத் தின்னுட்டு, தன் இனத்தைப் பெருக்கறது மட்டுமே வேலையா வெச்சிருக்கிற ஒண்ணை நாட்டுல எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

கூட்டம் "இல்லை" என்று சொல்லிக் கைதட்டியது. உள்காற்றுக் குழுத் தலைவரும் வெளிக்காற்றுக் குழுத் தலைவரும் கைதட்டி முடித்துவிட்டுச் சிற்றுண்டி மேசைக்கு முதல் ஆளாகப் போனார்கள். தொட்டியம்மா கடைசி வரிசையில் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு வந்துவிடுமோ என்று அவளுக்கு உயிர்போகிற பயம். அந்தக் கூடத்தில் சிரித்தால் எதற்குச் சிரித்தாய் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

அடுத்த வாரம் பாக்டீரியா மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. விளக்கம் கேட்கும் நோட்டீஸைத் தொட்டியில் பசை தடவி ஒட்டினார்கள். குறித்த நாளுக்குள் பாக்டீரியா பதில் தரவில்லை. நோட்டீஸைப் பெற்றுக்கொண்டும் பதில் தராதது தனிக் குற்றம் என்று நிர்வாக அதிகாரி சேர்த்துக்கொண்டார். விசாரணை நாளன்று, தொட்டியிலிருந்து ஒரு குடுவை எடுத்துவந்து குற்றம்சாட்டப்பட்டவருக்கான நாற்காலியில் வைத்தார்கள். குடுவை வழுக்கி விழாமலிருக்க ஒரு மெத்தையும் போட்டார்கள். தொட்டியம்மா உட்கார்ந்திருந்ததோ மரப்பெஞ்சில். பாக்டீரியாவின் சார்பில் பேச அவளைத்தான் நியமித்திருந்தார்கள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர், ஒருபுறம் நிர்வாக அதிகாரி, மறுபுறம் சுவரோரம். சுவரோரத்தின் நாற்காலி மட்டும் எப்படியோ சுவர் பக்கம் நகர்ந்திருந்தது.

"பெயர்?" என்று தலைவர் குடுவையைப் பார்த்துக் கேட்டார். தொட்டியம்மா சொன்னாள்.

"எவ்வளவு காலமா இங்க வேலை?"

"நாலு வருஷங்க சார்."

"குடும்பம்?"

தொட்டியம்மா குடுவையைப் பார்த்தாள். "ஒரு மில்லிக்கு நூறு கோடி இருக்குங்க சார்."

"பார்த்தீங்களா!" என்றார் நிர்வாக அதிகாரி. "வேலை நேரத்துல."

தலைவர் கனைத்துக்கொண்டார். "சரி. இந்த நிறுவனம் நியாயத்துக்குக் கட்டுப்பட்டது. தண்டனையை முடிவு பண்ணிட்டோம்ங்கறதுக்காக விசாரிக்காம விட்டுடமாட்டோம். குற்றம்சாட்டப்பட்டவர் தரப்புல ஏதாவது சொல்லணுமா?"

மூன்று இரவாகச் சரியாகத் தூங்காமல் அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஒரே ஒரு வாக்கியம். எழுந்து நின்றாள். சொல்லிவிட்டாள்.

"காத்து வந்ததாலதான் சார் எல்லாமே. காத்தை நிறுத்திட்டா சரியாயிடும்."

தலைவர் நிர்வாக அதிகாரியைப் பார்த்தார். நிர்வாக அதிகாரி சுவரோரத்தைப் பார்த்தார். சுவரோரம் சுவரைப் பார்த்தார். மூன்று பேர் கண்ணிலும் அப்பட்டமான திகில்.

முதலில் மீண்டவர் தலைவர்தான். "யாருப்பா அங்க? அம்மாவுக்கு ஃபேன் காத்து ஒத்துக்கலையாம். ஃபேனை நிறுத்து."

மின்விசிறி நின்றது. ஜன்னல்களையும் சாத்தினார்கள். வியர்வை ஆறாக ஓடியது. "இப்ப சரியாயிடுச்சா?" என்று தலைவர் கனிவாகக் கேட்டார். அந்தக் கனிவுதான் அவளைக் குலைநடுங்க வைத்தது. தான் சொன்னது மூன்று பேருக்கும் தெள்ளத்தெளிவாகப் புரிந்திருக்கிறது என்பதும், இன்னொரு முறை சொன்னால் இந்தக் கனிவு இருக்காது என்பதும் அவளுக்குப் புரிந்தது.

"சரியாயிடுச்சுங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பில் சொல்வதற்கு ஒன்றுமில்லை" என்று பதிவானது. பாக்டீரியாவுக்கு மரண தண்டனை. தொட்டியில் உள்ளது, குடுவையில் உள்ளது, உறைபெட்டியில் குப்பிகளில் பாதுகாத்து வைத்த மூல வித்து, எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை நீராவியில் அழித்துவிட வேண்டும். நிறைவேற்ற வேண்டியது தொட்டியம்மா. விசாரணைக்கு ஒத்துழைத்ததற்காக அவளுடைய ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு நீட்டிப்பதாகவும் தலைவர் சொன்னார். எதைப் பார்த்துக்கொள்ள என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கணவன் சொன்னான்: "ஒரே ஒரு குப்பியை வீட்டுக்குக் கொண்டாந்துடு. நம்ம ஃப்ரிட்ஜ்ல போட்டு வெப்போம். என்னிக்காவது புத்தி வந்து கேப்பாங்க."

"திருட்டுங்க அது."

"நீ செஞ்சதை நீ எடுத்தா திருட்டா? குப்பைக்குப் போறதை எடுத்தா திருட்டா? அதோட ஒருத்தரும் கணக்குப் பார்க்கப் போறதில்லை. எல்லாருக்கும் அது தொலைஞ்சாப் போதும்."

அவன் சொன்னது நடந்தது. வெள்ளிக்கிழமை தொட்டிக்குள் நீராவியைத் திறந்துவிட்டு, நீராவி அழுத்தத்தில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோக்ளேவில் குப்பிகளை அடுக்கும்போது, சுண்டுவிரல் அளவுள்ள ஒன்று மட்டும் ஐஸ்கட்டிகளோடு அவளுடைய சாப்பாட்டு டப்பாவுக்குள் போய்விட்டது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஒரு கிராம்கூடக் கனமில்லாத அந்தக் குப்பியோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவளுக்கு, கண்டக்டர் "டிக்கெட்" என்று கேட்டபோது அழுகையே வந்துவிட்டது. வீட்டில் பனிக்கட்டித் தட்டுக்குப் பின்னால் அதைச் செருகிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

மாதம் ஒன்று ஓடியிருக்கும். மேலிடத்து விருந்தினரிடமிருந்து இயக்குநருக்குத் தொலைபேசி வந்தது. அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரர்களை அழைத்து வருகிறாராம். தட்டையிலிருந்து ஆல்கஹால் எடுக்கிற அந்த அற்புத உயிரை அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். "அதுக்கு இப்ப புழுக்கம் இல்லையே?" என்றும் அன்போடு விசாரித்தாராம். இயக்குநர் "சௌக்கியமா இருக்குங்க சார்" என்று சொல்லிவிட்டார். ஃபோனை வைத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவருக்கு இரண்டு பேர் கைத்தாங்கல் தேவைப்பட்டது.

உடனே எல்லாரையும் கூடத்துக்கு அழைத்தார்கள். "தோழர்களே" என்றார் இயக்குநர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "நம்ம பாக்டீரியாவை யாராவது ஒருத்தர், அதுமேல உள்ள பாசத்துல, கொஞ்சம் எடுத்து வெச்சிருந்தா, தயவுசெஞ்சு முன்வரணும். அவங்களைப் பாராட்டுவோம்."

தொட்டியம்மாவின் கை தானாகப் பாதி தூரம் மேலே போனது.

"சின்னத் திருத்தம்" என்று நிர்வாக அதிகாரி ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "பாராட்டு உண்டு. ஆனா நிறுவனச் சொத்தை வெளிய கொண்டுபோனதுக்கு விசாரணையும் உண்டு. பாராட்டு முதல்லயா, விசாரணை முதல்லயான்னு கேட்டா, விதிப்புத்தக வரிசைப்படி பாராட்டுதான் பின்னாடி வரும்னு எனக்குத் தோணுது. சரிபார்த்துச் சொல்றேன். அதோட, இது மட்டும்னு இல்லை. எந்தச் சொத்து வெளிய போயிருந்தாலும் இப்ப ஒப்படைக்கலாம். பயப்படத் தேவையில்லை."

அவர் சொன்னதில் கடைசி இரண்டு வார்த்தைகளை நம்பி ஏமாந்த ஒரே மனிதர் சுவரோரம். வாழ்நாளில் முதல்முறையாக அவர் சுவரை விட்டுக் கூடத்தின் நடுவே நடந்து வந்தார். என்றைக்கோ தவறுதலாகப் பையோடு வீட்டுக்குப் போய்விட்ட வெப்பமானி ஒன்று அவரிடம் இருந்தது. அதை மேசைமேல் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் அவருக்கு ஓர் உறை வந்தது. உள்ளே பாராட்டுப் பத்திரமும் இடைநீக்க உத்தரவும் ஒன்றாக இருந்தன. காகிதச் செலவைக் குறைக்க ஒன்றின் பின்பக்கத்திலேயே மற்றதை அச்சடித்திருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்தை வெளியே தெரியும்படி பிடிப்பது என்று தெரியாமல் அவர் வாசலில் நின்றதை ஜன்னல் வழியாகத் தொட்டியம்மா பார்த்தாள்.

அன்று மதியம் செய்தி பரவியது: குளிர்பெட்டித் தணிக்கைக் குழு. ஊழியர் வீடுகளுக்கு நேரில் போய், ஃப்ரிட்ஜைத் திறந்து, உரிய மரியாதையோடு சோதிப்பார்கள். தற்காலிக ஊழியர்கள் முதலில்.

அவள் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கணவன் அன்று வேலை சீக்கிரம் முடிந்து வந்திருந்தான். சமையலறையில் நின்றுகொண்டு இருவரும் அந்தக் குப்பியைப் பார்த்தார்கள். மேலே வெண்பனி படிந்து, உள்ளே ஒரு துளி வெண்மை.

"பக்கத்து வீட்டுல குடுத்து வெப்போமா?" என்றான்.

"அவங்க கேட்டா என்ன சொல்றது? அங்கயும் வந்தா?"

"நேரா இயக்குநர்கிட்டயே போய்க் குடுத்துடு. அவருக்குத்தானே தேவை?"

"சுவரோரத்தை இன்னிக்கு சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. ஒரு வெப்பமானிக்கு அந்தக் கதி. இது நாலு வருஷ ஆராய்ச்சி. என்னை உள்ள தள்ளிடுவாங்க."

"அப்ப சாக்கடைல ஊத்திடு."

அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். "உயிரோட வெளிய விடக்கூடாது. அது தப்பு." அத்தனை நடுக்கத்திலும் படித்த படிப்பு அவளை விடவில்லை. கொல்வதென்றால் முறைப்படிதான் கொல்ல வேண்டும். அழுத்தத்தில், நீராவியில், கொஞ்ச நேரம். அதற்கான பாத்திரம் எல்லா வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது.

குக்கரில் தண்ணீர் ஊற்றி, ஒரு கிண்ணத்தில் குப்பியை வைத்து, மூடியைத் திருகினாள். மூடி இரண்டு தரம் சரியாகப் பொருந்தவில்லை. கணவன்தான் வாங்கி மூடினான். அடுப்பைப் பற்றவைத்தது அவள்தான். அதை மட்டும் அவனைச் செய்ய விடவில்லை.

முதல் விசில் வந்த சற்று நேரத்தில் வாசல் மணி அடித்தது.

தணிக்கைக் குழு வந்தேவிட்டது. நிர்வாக அதிகாரி, குறிப்பெடுக்க ஒருவர், கூடவே இயக்குநர். நிர்வாக அதிகாரியின் கையில் சுவரோரம் ஒப்படைத்த வெப்பமானி இருந்தது. செருப்பை வாசலில் விட்டு, "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று சொல்லி, கூடத்திலிருந்த ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐஸ்தட்டு, பால் பாக்கெட், நேற்றைய குழம்புக் கிண்ணம் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கணவனின் கையில் கொடுக்கத் தொடங்கினார்.

இயக்குநர் தண்ணீர் கேட்டுச் சமையலறைக்கு வந்தார். டம்ளரை வாங்கியவர் குடிக்கவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அருகில் வந்தார். இவ்வளவு நெருக்கத்தில் அவரை அவள் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். சட்டைக் காலருக்கு மேலே சரியாக மழிக்காத நரைமயிர். டம்ளர் தண்ணீர் ததும்பித் தரையில் சிந்தியது.

"அம்மா," என்றார், கிட்டத்தட்ட மூச்சிலேயே. "உங்ககிட்ட இருந்தா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். அந்த ஆளுக்கும் தெரிய வேண்டாம். என் பாக்கெட்ல போட்டுட்டுப் போயிடறேன்."

அவள் சிந்திய தண்ணீரைத் துணியால் துடைத்தாள்.

"காத்துனாலதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா. நானும் ஒரு காலத்துல தொட்டியைக் கட்டிட்டு அழுதவன்தான். விசாரணைல நீங்க சொன்னதும் என் காதுக்கு வந்துச்சு. இருந்துச்சுன்னா குடுங்க. இந்தத் தரம் பம்பை என் கையாலயே பிடுங்கிப் போட்டுடறேன். சத்தியமா."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த மனிதரின் கண்ணில் இருந்தது அவளுடைய பயமேதான். கொஞ்சம் வயதான, கொஞ்சம் பெரிய சம்பளத்துப் பயம். கால்மணி நேரம் முன்னால் இவர் இப்படி வந்து நின்றிருந்தால்? அப்போதும் நான் கொடுத்திருப்பேனா? அவளுக்கே தெரியவில்லை.

குக்கர் வீறிட்டது. இயக்குநர் திடுக்கிட்டு ஓர் அடி பின்வாங்கினார்.

"என்ன வேகுது?"

"கிழங்குங்க சார்."

"உங்ககிட்ட இல்லையா?"

"இல்லைங்க சார்" என்றாள். அந்த நிமிஷத்தில் அது பொய்யும் இல்லை.

இயக்குநர் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. டம்ளரை மேடைமேல் வைத்தார். அதற்குள் கூடத்திலிருந்து நிர்வாக அதிகாரியின் குரல் கேட்டது: "இங்க ஒண்ணுமில்லைங்க சார்! வெப்பநிலை கச்சிதம். இன்னிக்குப் பார்த்ததுலயே சுத்தமான வீடு இதுதான். வாழ்த்துகள்மா!"

மூன்று பேரும் படியிறங்கிப் போனார்கள். கணவன் கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே வந்தான். அவள் அடுப்பின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சத்தம் படிக்கட்டு வரை கேட்டுவிடக்கூடாதே என்று அப்போதும் பயம்.

அவன் அடுப்புத் திருகில் கையை வைத்தான்.

"போயிட்டாங்க. அணைச்சிடட்டுமா?"

அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம். இன்னும் ரெண்டு விசில் விடட்டும்."